‘இல்லை’ என்று எழுத ஒரு நாற்காலி

தாமஸ் ஒரு வெள்ளைக்காரர் என்று இரண்டு வருஷம் நம்பியவன் நான். சும்மா நம்பவில்லை, முகத்தோடு நம்பினேன். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்பு மைப் பேனா. துபாயில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் இருபதாவது மாடியில் உட்கார்ந்து, தேனிப் பக்கமிருந்து போகும் என் மெயில்களை அச்செடுத்து, பிழைகளை வட்டம் போட்டு, ஓரத்தில் மார்க் போடுவார் என்பது என் கற்பனை. பாஸ் மார்க்குக்கு மேலே ஒரு தடவைகூட வாங்கியிருக்க மாட்டேன் என்பதும் என் கற்பனைதான். அதற்குப் பயந்து நான் எழுதியவற்றைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் முதுகும் கண்ணும் என்னைக் கேட்காமலே ராஜினாமா கொடுத்துவிட்டதால் ஐம்பத்து நாலு வயதிலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் பழைய முதலாளியின் மகள், அதாவது இப்போது உங்களுக்கு முதலாளி, போன் செய்தார்.

“பாண்டி மாமா, புதுசா சேந்த புள்ளைக பூராம் ஒரே கேள்வியா கேக்குதுக. கேட்டுக்கு வெளிய, புளியமரத்தடியில ஒரு நாற்காலி கெடக்கே, பக்கத்துல பிளக் பாயின்ட்டு வேற, அது எதுக்குன்னு. வாட்ச்மேனுக்குன்னு சொன்னேன். அவரு அதுல உக்கார மாட்டேங்குறாரு. நீங்களே எழுதிக் குடுத்துருங்க மாமா.”

எழுதிக் கொடுக்கிறேன். மெயில் எழுதுவது எப்படி என்று பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. எழுதாமல் இருப்பது எப்படி என்பதில்தான் எனக்கு இருபது வருஷ அனுபவம்.

முதலில் பழைய முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய அப்பா அல்லிநகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் உப்பு தீர்ந்துபோனால் ‘உப்பு இல்லை’ என்று சொல்லமாட்டார். ‘நாளைக்கு வரும்’ என்பார். அரிசி தீர்ந்தால் ‘நெறஞ்சிருக்கு’ என்பார். நம் வீடுகளிலும் இது உண்டுதானே? விளக்கு வைத்த பிறகு ‘மஞ்சள் இல்லை’ என்று யாராவது சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். முதலாளி மளிகையை விட்டு வாழைக்காய் ஏற்றுமதிக்கு வந்தபோது, கல்லாப்பெட்டியைக் கொண்டுவராவிட்டாலும் இந்தப் பழக்கத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார். நான் வேலையில் சேர்ந்த அன்றே சொன்னார்:

“பாண்டி, விக்கிற எடத்துல ‘இல்ல’ங்குற சொல்லு வரக்கூடாது. வாயிலயும் வரக்கூடாது, எழுத்துலயும் வரக்கூடாது. வந்துச்சு, லச்சுமி செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பீருவா.”

“இங்கிலீஷ்லயுமாண்ணே?”

“ஏன், லச்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாதா?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. (பாருங்கள், இப்போதுகூட ‘பதில் இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை.)

அன்றிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லே வராமல் ஆங்கில மெயில் எழுதுவதில் நான் பெரிய கை ஆனேன். அட்டைப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் தீர்ந்துவிட்டதா? ‘லேபிள்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன’ என்று எழுதுவேன். லாரி கிடைக்கவில்லையா? ‘போக்குவரத்து விஷயத்தில் எங்கள் முயற்சி நாளுக்கு நாள் வலுப்பெறுகிறது.’ எல்லா மெயிலுக்கும் தலைப்பு ஒன்றுதான்: ‘வார்ம் கிரீட்டிங்ஸ்’. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வரும். நடுவில் மூன்று ‘கைண்ட்லி’, கடைசியில் இரண்டு ‘ஆல்வேஸ்’. தாமஸிடமிருந்து பதில் ஒரே சொல்லில் வரும்: ‘நோட்டட்’. அந்த ஒரு சொல்லைப் பார்த்து, வெள்ளைக்காரரே மலைத்துப்போய்விட்டார் என்று மீசையை முறுக்கிக்கொள்வேன். மீசை வரைந்த மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும். இருந்தாலும் முறுக்குவேன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்களுக்கு வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் தாமஸ் கொள்முதல் பார்த்த அந்த ஒரே ஒரு துபாய் கம்பெனிதான். அவர்கள் புதிதாக ஐந்து கடை திறக்கப்போகிறார்கள், திறப்பு வாரத்துக்கு மூன்று கண்டெய்னர் பச்சை வாழை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ‘மூன்று’ என்று நாங்களும் தலையாட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை மூன்றும் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சூறைக்காற்று அடித்தது. அரை மணி நேரம்தான். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை, வாழைத்தார் தள்ளி நின்ற மரங்களைக் கழுத்தோடு முறித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எங்களுக்கென்று வளர்த்த தோட்டங்களில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. விழுந்த தார் கப்பலுக்கு ஆகாது. அடிபட்ட காய் பெட்டிக்குள்ளேயே கறுத்துப்போகும்.

புதன்கிழமை காலையில் முதலாளி சொன்னார்: “தாமஸுக்குப் பக்குவமா ஒரு மெயில் போட்ருப்பா. நம்ம நெலமைய அவுக புரிஞ்சுக்கணும். ஆனா அந்தச் சொல்லு வந்துறக்கூடாது.”

பக்குவமாகத்தான் போட்டேன். பதினொரு வரி. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன், வெட்கத்தோடு: ‘எங்கள் பள்ளத்தாக்கு நேற்று இயற்கையின் பார்வைக்கு ஆளானது. ஆயினும் மூன்று கண்டெய்னர் விஷயத்தில் எங்கள் முழு மனமும் உங்களோடு இருக்கிறது. எங்கள் விவசாயிகள் மன உறுதி மிக்கவர்கள். உங்கள் நம்பிக்கைக்குத் தலைவணங்குகிறோம்.’ இதைப் படித்தால், பாவம், மூன்று முடியாதுபோல என்று எந்த மனுஷனுக்கும் புரிந்துவிடும் என்று நினைத்தேன். தேனியில் எவருக்கும் புரிந்திருக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு ‘வரப் பாக்குறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இலை போடக்கூடாது என்று நமக்குத் தெரியாதா என்ன?

மதியம் ஒரு மணிக்குப் பதில் வந்தது. முதல் தடவையாக ‘நோட்டட்’டை விடப் பெரிய பதில். ‘மூன்று கண்டெய்னரையும் உறுதி செய்ததற்கு நன்றி. இன்று எங்கள் நேரம் ஐந்து மணிக்கு எல்லாக் கடைகளுக்கும் அறிவித்துவிடுவேன்.’

அவர்களுக்கு ஐந்து மணி என்றால் நமக்கு ஆறரை.

நெருக்கடி நேரத்தில் ஒரு மூத்த ஊழியன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? நான் முதலில் கம்ப்யூட்டரை மூடினேன். மூடினால் மெயில் திரும்பிப் போய்விடும் என்பதுபோல. பிறகு மெதுவாகத் திறந்து பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். காய் கழுவும் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், எதற்கென்று இன்று வரை தெரியாது. குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடுவதாக வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஒரு மெயில் முகவரி இருந்திருந்தால் அங்கேயும் பதினொரு வரி எழுதியிருப்பேன், அவரும் என்ன கேட்கிறேன் என்று புரியாமல் வரம் கொடுத்திருப்பார்.

மூன்று வரும் என்று ஐந்து கடைக்கும் அறிவித்த பிறகு குறைவாகப் போய் இறங்கினால் தாமஸ் வேலை போகும். தாமஸோடு எங்கள் ஒரே வாடிக்கையாளரும் போவார். அவரோடு, கழுவும் தொட்டியைச் சுற்றி நிற்கிற நாற்பது பெண்களின் வேலையும் போகும். இது எனக்கு டீக்கடையில் நிற்கும்போதே தெரியும். தெரிந்துதான் இரண்டாவது டீ சொன்னேன்.

கடைசியில் நாலு மணிக்கு முதலாளியிடம் போனேன். மெயிலைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சரி, எழுத்து வேணாம். நான் போன்லயே சொல்லீர்றேன்.”

துபாய் கம்பெனி முதலாளிக்கு என் முன்னாலேயே போன் போட்டார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் முதலாளி பேசியது மொத்தம் இவ்வளவுதான்: “சலாம் பாய்! பைன், பைன். ஸ்மால் விண்ட். நோ டென்ஷன். ஆல் ஓகே பாய், ஆல் ஓகே.” வைத்துவிட்டார்.

“அண்ணே, என்ன சொன்னீக?”

“காத்து அடிச்சதச் சொல்லீட்டேன்லப்பா.”

“ஸ்மால் விண்டுன்னீக.”

“பெரிய காத்துன்னா மனசு சங்கடப்படுவாகல்ல?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பேச்சியக்கா உள்ளே வந்தார். பேக்கிங் கூடத்துக்கு அவர்தான் மேற்பார்வை. தோட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு தாரும் அவர் கண்ணைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போகும். காலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து எல்லாத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். சேலையெல்லாம் சேறு.

“பாத்துட்டேன் மொதலாளி. ஒண்ணு தேறும். ரெண்டு தேறாது.”

எட்டுச் சொல்கூட இருக்காது. நான் பதினொரு வரியில் சொல்லாமல் விட்டதை அவர் வாசல்படியில் நின்றே சொல்லி முடித்துவிட்டார்.

“அக்கா, இத தாமஸுக்கு எழுதணுமே, எப்புடி எழுதுறது?” என்றேன்.

“இப்ப நான் எப்புடிச் சொன்னேன்?”

“அப்புடியே எழுதுனா மரியாதையா இருக்காதுக்கா.”

“ஏலே பாண்டி,” என்றார் பேச்சியக்கா, முந்தானையை உதறிக்கொண்டே. “ஒரு நாளைக்கு எம்புட்டுத் தாரு பாக்குறேன். இது ஆகும், இங்கன வையி. இது ஆகாது, அங்கன வையி. ஒரு தாருகிட்டயாச்சும் வணக்கம் வச்சுப் பேசியிருக்கேனா? காயக் கொண்டாந்த சம்சாரி என்ன, என்னைய அடிக்கவா வர்றாரு? வெரசா சொன்னா, அவரு வேற எங்கனயாச்சும் கொண்டுபோயி விப்பாரு. நான் இழுத்தா, அவரு காயும் போகும், நாளும் போகும். மரியாதையாம்ல மரியாதை!”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சே கிடையாது. எனக்குத்தான் யாரோ முதுகில் ஓங்கித் தட்டியதுபோல் இருந்தது. நான் இழுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தாமஸுடைய நிமிஷம். இப்போதே தெரிந்தால் அவர் மிச்ச இரண்டுக்கும் வேறு ஊரில் கேட்கலாம். ஆறரைக்கு மேல் தெரிந்தால் அவர் என்ன செய்ய முடியும்?

முதலாளியிடம் சொன்னேன்: “அண்ணே, எழுதப்போறேன். அந்தச் சொல்ல எழுதித்தான் ஆகணும்.”

அவர் மேசை மேல் இருந்த குங்குமச் சிமிழைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் இழுத்தார். மறுபடி தள்ளி வைத்தார். மணி நாலரை.

“எழுது,” என்றார். “ஆனா இங்கன வச்சு எழுதாத. கேட்டுக்கு வெளிய போயி எழுது.”

சிரிக்காதீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து காத்துவந்த ஒன்றை அந்த மனிதர் எனக்காக அரை அடி நகர்த்திக் கொடுத்தார். நானாக இருந்தால் நகர்த்தியிருப்பேனா என்று தெரியாது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். புளியமரத்தடியில் ஒரு காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். செல்போனில் நெட்டைப் பிடித்தேன். ரோட்டில் போகிற ஆட்கள் எல்லாம் “என்ன பாண்டி, வெளிய தள்ளீட்டாகளா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். “ஆமா, இன்னைக்கு வேலைக்குக் கடைசி நாளு” என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

எழுத உட்கார்ந்தால் விரல் தானாக ‘வார்ம் கிரீட்டிங்ஸ்’ என்று அடித்தது. அழித்தேன். ‘இயற்கை’ என்று ஆரம்பித்தேன். அழித்தேன். முக்கால் மணி நேரம் ஆரம்பித்து ஆரம்பித்து அழித்தேன். சிவப்பு மைப் பேனா கண் முன்னால் ஆடியது. அப்புறம் ஒன்று செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பேச்சியக்கா வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டேன். எனக்குத் தெரிந்தது என்றால், எட்டாம் வகுப்பில் தெரிந்தது. தலைப்பிலேயே எழுதினேன்: ‘மூன்று இல்லை, ஒன்றுதான்’. உள்ளே நாலு வரி:

‘வெள்ளிக்கிழமை ஒரு கண்டெய்னர் அனுப்புவோம். மற்ற இரண்டும் இல்லை. நேற்றுக் காற்றில் மரங்கள் விழுந்துவிட்டன. காலையில் நான் அனுப்பிய மெயில் தெளிவாக எழுதப்படவில்லை, அந்தத் தவறு என்னுடையது.’

நாலு வரியையும் எழுதி முடித்ததும் உடம்பில் துணியில்லாமல் ரோட்டில் நிற்பதுபோல் இருந்தது. ஒரு ‘கைண்ட்லி’யாவது போட்டு மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. ஐந்தே காலுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் என் செல்போன் அடித்தது. துபாய் நம்பர். மெயிலுக்குக் கீழே நம்பர் போட்டு வைத்த என் அறிவை நானே திட்டிக்கொண்டேன். வெள்ளைக்காரரோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும். எழுந்து நின்று, ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, “குட் ஈவினிங் சார், வெரி வெரி சாரி சார்” என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “பாண்டி சாரல்லே? தமிழ்ல பேசிக்கோ சார். எனக்குத் தமிழ் தெரியும். ஞான் தாமஸ். கட்டப்பனைக்காரனாணு.”

கட்டப்பனை! நம் கம்பத்திலிருந்து மலை ஏறி, குமுளி தாண்டினால் கேரளத்தில் கொஞ்ச தூரம். நான் பஸ்ஸில் போய் ஏலக்காய் வாங்கி வந்த ஊர். கம்பத்தில் பிறந்து வளர்ந்து, வருஷா வருஷம் மலைக்கு மாலை போட்டு அந்தப் பக்கம் போய்வந்தவன், தாமஸ் என்ற பெயரைப் பார்த்து லண்டனை நினைத்திருக்கிறேன் என்றால் என் பொது அறிவை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

“சார், கோபமா?” என்று கேட்டேன்.

“எந்தினா கோபம்? பாண்டி சாரே, உங்க மெயில் வந்தா எனக்குப் பயமா இருக்கும். இத்ர பெரிய இங்கிலீஷ்! டிக்ஷனரிய எடுத்து வச்சிட்டுத்தான் தொறக்கும். ஒண்ணும் புரியாது, கேக்க வெக்கம். அதான் ‘நோட்டட்’னு போட்டுடும். இன்னிக்குத்தான் சாரே, ஒரு மெயில் முழுசா மனசிலாயி.”

இரண்டு வருஷமாக அவர் என்னைப் பார்த்து நடுங்கியிருக்கிறார், நான் அவரைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். நடுவில் கிடந்த ஆங்கிலம் இரண்டு பேருக்கும் சொந்தமல்ல. இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளா. உங்கள் மெயிலைத் திறக்கிற ஆளும் பெரும்பாலும் அந்த மொழியை இரவல் வாங்கியவர்தான். அவரை அசத்த எழுதினால் அவர் ‘நோட்டட்’ என்று போட்டுவிட்டு பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் வரியில் சேதியைச் சொன்னால் போன் எடுத்துப் பேசுவார். முடியாததை முதலில் சொல்லக் கூச்சமாக இருந்தால், முடிகிறதை முதல் வரியிலும் முடியாததை இரண்டாவது வரியிலும் போடுங்கள். மூன்றாவதுக்குத் தள்ளாதீர்கள். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் படிக்கிறவருக்கு ஒரு டீ வந்துவிடும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முதலாளி கேட்டுக்கு உட்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“என்னப்பா சொன்னாக?”

“புரிஞ்சதுன்னு சொன்னாகண்ணே.”

“கோவப்பட்டாகளா?”

“படல.”

“அப்பச் சரி,” என்றார். பிறகு கவிழ்த்துப் போட்ட காய்ப்பெட்டியைப் பார்த்தார். “அதுல உக்காந்தா முதுகு வலிக்கும்ப்பா. ஒரு நாற்காலி போட்ருவோம். எலெக்ட்ரீசியனக் கூப்புட்டு ஒரு பிளக் பாயின்ட்டும் வச்சிருவோம்.”

முதுகு வலிக்கும் என்று அவர் சொன்னது சரிதான். நாற்காலி வந்தும் என் முதுகு போய்விட்டது, அது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளருக்கு ‘முடியாது’ என்று எழுத வேண்டியிருந்தாலும் அங்கே போய்த்தான் எழுதினேன். உள்ளே வைத்து எழுதியிருந்தால் முதலாளி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறவன் நீட்டி எழுதமாட்டான். அந்த நாற்காலியில் நான் நாலு வரியைத் தாண்டியதே கிடையாது. அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

மற்றபடி நடந்தது இதுதான். தாமஸ் அன்று சாயங்காலமே கடைகளுக்குச் சரியான எண்ணிக்கையை அறிவித்தார். மிச்ச இரண்டு கண்டெய்னரையும் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். எங்கள் ஒன்று வெள்ளிக்கிழமை கிளம்பியது. ஐந்து கடையும் திறந்தன. அடுத்த பருவத்தில் அவர் நாலு கண்டெய்னர் கேட்டார். நான் வெளியே போய் உட்கார்ந்து ‘இரண்டு’ என்று எழுதினேன். இரண்டு போனது.